கால் டன் வண்டிக்குப் புதுப் பின் ஷாக்

பழைய கனமான மோட்டார் சைக்கிளுக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் மாற்றப்போவதாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது, "கொஞ்சம் ஹார்டா எது இருக்கு?" என்பதுதான். பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் இடிக்கிறது, பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் வண்டி அமுங்கிவிடுகிறது. ஆகவே ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, கெட்டியான ஸ்பிரிங் போட்டால் தீர்ந்தது என்று ஒரு கணக்கு. இந்தக் கணக்கில் பாதிதான் சரி. மீதிப் பாதியைப் பார்க்காமல் காசைச் செலவழித்தால், இடிக்கும் வண்டி உதைக்கும் வண்டியாக மாறும். முதுகுக்கு இரண்டும் ஒன்றுதான்.

என்னுடைய வண்டி பின்னால் இரண்டு ஷாக் உள்ள ரகம். டேங்க் நிரப்பி நிறுத்தினால் கால் டன்னைத் தாண்டும். 1970களின் இரண்டாம் பாதியில் தொடங்கி ஜப்பானிலிருந்து வந்த பெரிய வண்டிகள் பலவும் இந்த எடைதான். ஹோண்டாவின் கோல்ட்விங், 1978-ல் வந்த யமஹாவின் எக்ஸ்எஸ் 1100, கவாஸாகியின் ஆறு சிலிண்டர் இஸட் 1300, எல்லாமே எஞ்சின் பலத்தில் தங்கள் காலத்தை மீறியவை. அந்த எஞ்சின்கள் இன்றும் சளைக்காமல் ஓடுகின்றன. ஆனால் பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு குழாய்களுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. எஞ்சின் ஆயிலை நேரம் தவறாமல் மாற்றுகிற நாம், ஷாக்குக்குள்ளும் ஆயில் இருக்கிறது, அதற்கும் வயதாகிறது என்பதை நினைப்பதே இல்லை.

ஷாக் ஒன்றுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. வெளியே தெரியும் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது, மேட்டில் ஏறும்போது சுருங்கிச் சக்தியைச் சேர்த்து வைக்கிறது. சேர்த்ததை அப்படியே திருப்பியும் கொடுத்துவிடும், அதுதான் ஸ்பிரிங்கின் குணம். திருப்பிக் கொடுக்கும் அந்தச் சக்தியைப் பிடித்து வெப்பமாக மாற்றி வெளியே விடுவது உள்ளே இருக்கும் டேம்பர். ஒரு பிஸ்டன், அதில் சிறு துளைகள், துளைகளை மூடும் மெல்லிய தகடுகள், சுற்றிலும் ஆயில். பிஸ்டன் நகர வேண்டுமென்றால் ஆயில் அந்தத் துளைகளின் வழியே நெருக்கிப் போக வேண்டும். அந்த நெருக்கல்தான் டேம்பிங்.

இதில் ஸ்பிரிங் எளிதில் கெடுவதில்லை. அதன் கடினத்தைத் தீர்மானிப்பவை எஃகின் தன்மை, கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை. வயதானால் இவை எதுவும் மாறுவதில்லை. பல வருடம் சுமை தாங்கிய ஸ்பிரிங் சில மி.மீ. உயரம் குறையலாம், அவ்வளவுதான். டேம்பரின் கதை வேறு. சீல் தேய்ந்து ஆயில் கசிகிறது, மிச்சமிருக்கும் ஆயில் காற்றோடு கலந்து நுரைக்கிறது, துளைகளின் வழியே நுரை சுலபமாகப் போய்விடுகிறது. பிறகு ஸ்பிரிங் மட்டும் தனியாக ஆடும். "அண்ணே, ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு, உள்ளே ஒண்ணுமே இல்லை" என்று என் மெக்கானிக் சொன்னது இதைத்தான். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து ராடை அழுத்திக் காட்டினார். முதல் இரண்டு விரற்கடை தூரம் எந்த எதிர்ப்பும் இல்லை, பிறகுதான் ஆயில் தட்டுப்பட்டது. இழுத்தபோதும் அதே மாதிரி நடுவில் ஒரு வெற்றிடம். நல்ல டேம்பர் ராட் இரண்டு திசையிலும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே சீராக நகரும். பெரும்பாலான ஷாக்குகளில் அழுத்துவதைவிட இழுப்பது கஷ்டமாக இருக்கும், அது சரியானதுதான்.

கழற்றாமலே பார்க்க ஒரு வழி உண்டு. மேடுபள்ளமான சாலையில் நன்றாக ஓட்டிவிட்டு வந்ததும் இரண்டு ஷாக்கின் உடலையும் கையால் தொட்டுப் பாருங்கள். டேம்பிங் நடந்திருந்தால் வெப்பம் இருந்தே ஆக வேண்டும். ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் குளிர்ந்தது செத்துவிட்டது, டேம்பிங் வேலை முழுவதையும் அதன் ஜோடி தனியாகச் செய்கிறது. சைலன்சர் பக்கத்தில் இருக்கும் ஷாக்குக்கு அதன் சூடும் சேரும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

ஷாக்கைக் குறை சொல்வதற்கு முன் ஸ்விங் ஆர்மை, அதாவது பின் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையும் கையை, பார்த்துவிட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் "டொக்" என்று சத்தமோ அசைவோ தெரியக் கூடாது. தெரிந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ சக்கர பேரிங்கோ போயிருக்கிறது. நீண்ட வளைவில் வேகமாகப் போகும்போது வண்டி மெல்ல நெளிகிற அந்தப் பயமுறுத்தும் உணர்வு, செத்த ஷாக்காலும் வரும், தேய்ந்த புஷ்ஷாலும் வரும், பழைய டயராலும் வரும். உலகத்திலேயே சிறந்த ஷாக் போட்டாலும் ஆடுகிற ஸ்விங் ஆர்மை அது பிடித்து வைக்காது.

அப்புறம் அளவு. வண்டிச் சொந்தக்காரர்கள் தவிர்க்கும் வேலை இது, ஆனால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. தேவை ஒரு டேப், ஒரு உதவியாள், கொஞ்சம் பொறுமை. பின் அச்சின் மையத்திலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழே ஒரு இடத்தில் ஒட்டுத்தாள் ஒட்டிக் குறி வைத்துக்கொள்ளுங்கள். சென்டர் ஸ்டாண்டில், சக்கரம் முழுவதும் தொங்கும்போது ஒரு அளவு. ஸ்டாண்ட் இல்லாமல் வண்டி தன் இரண்டு சக்கரத்தில் நிற்கும்போது ஒன்று. நீங்கள் ஓட்டும் உடையோடும் ஹெல்மெட்டோடும் உட்கார்ந்து ஒன்று. பின்னால் ஆளும் பையும் சேர்த்து ஒன்று. தொங்கும் அளவிலிருந்து மற்றவற்றைக் கழித்தால் எவ்வளவு அமுங்குகிறது என்று தெரிந்துவிடும்.

என் வண்டியில் தொங்கும்போது 612 மி.மீ. இருந்தது. சொந்த எடையில் 590, நான் உட்கார்ந்தால் 566, இருவரும் சாமானும் ஏறினால் 537. அதாவது அமுக்கம் முறையே 22, 46, 75. பின் சக்கரத்தின் மொத்த ஓட்டம், அதாவது அது மேலும் கீழும் நகரக்கூடிய தூரம், சுமார் 90 மி.மீ. இரண்டு பேர் ஏறிய பின் மிச்சம் 15 மி.மீ. மட்டும். விரல் அகலத்துக்கு இருக்கும் அந்த இடத்தில் ஒரு பள்ளத்தை விழுங்கச் சொன்னால் ஷாக் இடிக்காமல் என்ன செய்யும்?

ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் ப்ரீலோட் ரிங்கைக் கடைசிப் படிக்கு ஏற்றி மறுபடி அளந்தேன். 4, 28, 57 என்று வந்தது. ஓட்டுபவரோடு சேர்த்து மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றும் கணக்கு. 90-க்கு 30. ஆகவே 28 என்பது பார்வைக்குச் சரியாகவே தெரியும். ஏமாறக் கூடிய இடம் இதுதான். வண்டி தன் எடையில் 4 மி.மீ. மட்டுமே அமுங்குகிறது என்றால், மென்மையான ஸ்பிரிங்கை நெருக்கிக் கட்டி உயரத்தைத் திருட்டுத்தனமாக வாங்கியிருக்கிறோம் என்று அர்த்தம். பின்பக்கத்தில் பாரம் குறையும் நேரத்தில் சக்கரம் கீழே இறங்க இடம் அநேகமாக இல்லை, பட்டென்று முட்டிவிடும். ரிங்கை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆகாது. உட்கார்ந்ததும் எவ்வளவு கூடுதலாக அமுங்கியது என்று பாருங்கள்: முன்பும் 24, இப்போதும் 24. ரிங் வண்டியின் உயரத்தை மாற்றும், ஸ்பிரிங்கின் கடினத்தைத் தொடாது.

தலைகீழாகவும் நடக்கும். ஓட்டுபவரோடு சேர்ந்த அளவு சரியாக இருந்து, வண்டி மட்டும் தன் எடையிலேயே மிக அதிகமாக அமுங்கினால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கடினமானது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஸ்பிரிங்கே சொல்லிவிடும்.

எனக்கு மென்மை என்று தெரிந்தது. ஆனால் எவ்வளவு? கம்பியின் தடிமன் நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 7 மி.மீ. கம்பியை 7.5 ஆக்கினால், மற்ற அளவுகள் மாறாதபோது, கடினம் 32 சதவீதம் ஏறிவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாத அரை மி.மீ. அது! "கொஞ்சம் தடியா இருக்கிற ஸ்பிரிங் போடுங்க" என்று வாய்வார்த்தையில் கேட்டு வாங்குவது எவ்வளவு ஆபத்து என்று இதிலேயே புரியும்.

ஷாக் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதும் கணக்கில் வரும். ஸ்விங் ஆர்முக்குச் செங்குத்தாக நின்றால் ஸ்பிரிங்கின் பலம் முழுதாகச் சக்கரத்துக்குப் போகும். அந்தச் செங்குத்திலிருந்து 30 டிகிரி முன்னே சாய்ந்தால் சக்கரத்தில் கிடைப்பது சுமார் 75 சதவீதம். விசையும் குறைகிறது, நகரும் தூரமும் குறைகிறது, இரண்டும் பெருக்கிக்கொள்கின்றன. 1970களில் மோட்டோகிராஸ் வண்டிகளில் சக்கர ஓட்டத்தைக் கூட்டுவதற்காக ஷாக்கை முன்னால் சாய்க்கத் தொடங்கினார்கள். ஆகவே பக்கத்து வண்டியில் நன்றாக வேலை செய்யும் அதே ஸ்பிரிங் உங்கள் வண்டியில் தொளதொளவென்று இருக்கலாம். ஆர்டர் கொடுக்கும்போது வண்டியின் மாடல், உங்கள் எடை, பின்னால் உட்காருபவரின் எடை, சாமான் எடை எல்லாவற்றையும் உண்மையாகச் சொல்லுங்கள். நல்ல தயாரிப்பாளர் இவற்றைக் கேட்காமல் ஷாக் அனுப்ப மாட்டார். கேட்காதவரிடம் வாங்கத் தயங்குவது நல்லது.

இனி டேம்பர் ரகம். எளிய ரகத்தில் ஆயிலும் வாயுவும் ஒரே அறைக்குள் கலந்தே இருக்கும். விலை குறைவு, அமைப்பு எளிது, மிதமாக ஓட்டுபவருக்குப் போதும். இன்னொரு ரகத்தில் மிதக்கும் ஒரு பிஸ்டன் ஆயிலையும் வாயுவையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும். பிரெஞ்சுக்காரர் கிறிஸ்தியான் பூர்சியே தெ கார்போன் 1950களில் கொண்டுவந்த யோசனை இது, இன்றைய நல்ல ஷாக்குகள் பலவும் இதன் வாரிசுகள். உள்ளே 10 பாருக்கும் (நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் சுமார் பத்து மடங்கு) மேற்பட்ட அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும். அழுத்தத்தில் இருக்கும் ஆயிலில் குமிழி எழும்புவது கடினம், அதனால் நுரைக்காது. சாதாரணக் காற்றை விட்டு நைட்ரஜனைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அதில் ஈரமும் ஆக்சிஜனும் இல்லை என்பதே. கால் டன் வண்டி, பின்னால் ஆள், இரண்டு பை, நாள் முழுக்க மோசமான சாலை என்றால் நான் இந்த இரண்டாவது ரகத்தைத்தான் சொல்வேன். செயினுக்குப் பதில் தண்டால் பின் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் டிரைவ் வண்டியாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் போகும் தண்டின் முனையில் இருக்கும் அந்தக் கனமான கியர்ப் பெட்டியை அடக்கப் பலமான டேம்பிங் தேவை. பழைய ஷாஃப்ட் வண்டிகளில் ஆக்சிலேட்டர் கொடுத்தால் பின்பக்கம் எழும்பும், வளைவின் நடுவில் மூடினால் இறங்கும். பிஎம்டபிள்யூ 1987-ல் பாராலீவர் என்ற பின் சக்கர இணைப்பு அமைப்பைக் கொண்டுவந்தது இதைக் குறைக்கத்தான். அந்த வசதி இல்லாத வண்டியில் நல்ல ரீபவுண்ட் டேம்பிங் (சுருங்கிய ஷாக் திரும்ப நீளும்போது கிடைக்கும் எதிர்ப்பு) அந்த எழும்பலையும் இறங்கலையும் நிதானமாக்கும். முழுதாக நிறுத்தாது.

காற்று ஷாக் பற்றியும் ஒரு வார்த்தை. 1980-ல் வந்த கோல்ட்விங் ஜிஎல் 1100 போன்றவற்றில் காற்று அடித்து உயரத்தைச் சரிசெய்யும் வசதி உண்டு. சாமான் ஏற்றும்போது அருமையான வசதி. ஆனால் காற்றைக் கூட்டினால் தாங்கும் பலம் மட்டும்தான் கூடும், டேம்பிங் பழையபடியே நிற்கும். உள்ளே இருக்கும் காற்றின் அளவும் மிகச் சிறியது, கேஜை வைத்து எடுப்பதற்குள் கொஞ்சம் போய்விடும். கம்ப்ரசர் குழாயை நேரடியாக வைத்து அடித்தால் ஒரு நொடியில் சீல் போய்விடலாம். கைப்பம்புதான் சரி.

நீளத்தில் கை வைக்கும்போது கவனம் தேவை. மேல் போல்ட் மையத்திலிருந்து கீழ் போல்ட் மையம்வரை உள்ள நீளம்தான் கணக்கு. பழைய அளவையே வாங்குங்கள் என்பது என் கருத்து. ஏனென்றால், சரியான ஸ்பிரிங் போட்டாலே அமுக்கம் குறைந்து பின்பக்கம் இயல்பாகவே உயரும். என் வண்டியில் நான் உட்கார்ந்த நிலையில் 46 இருந்தது 30 ஆனது, நீளம் ஒரு மி.மீ.கூட மாறாமல் பின்பக்கம் 16 மி.மீ. உயர்ந்துவிட்டது. ஒன்றரை மீட்டர் வீல்பேஸில் (இரண்டு அச்சுகளின் இடைவெளி) அது அரை டிகிரிக்கு மேல். முன் ஃபோர்க் அந்த அளவுக்கு நிமிர்ந்து, டிரெய்ல் (ஹேண்டில் திரும்பும் அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) சில மி.மீ. குறைந்து, ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்கத் தொடங்கியது. இதற்கு மேல் நீளமான ஷாக்கும் போட்டால் நேர்சாலையில் வண்டியின் அமைதி போய்விடும். சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாயும், சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் தரையைத் தொடும், செயினின் தளர்வும் மாறும். செயின் எப்போதும் முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் அதிகமாக இறுகும். புது ஷாக் போட்ட பிறகு அந்த நிலையில் வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

நீளத்தோடு புஷ்ஷின் உள்விட்டம், அகலம், கீழ் முனை கண் வடிவமா கவட்டை வடிவமா என்பதையும் பாருங்கள். ஸ்பிரிங்கின் வெளிவிட்டம் சைலன்சரிலோ செயின் கார்டிலோ பை மாட்டும் கம்பியிலோ உரசக் கூடாது. தனி டேங்க் வைத்த ஷாக் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பக்கப்பை மாட்டும் வண்டியில் அந்த டேங்க் போய் நிற்கும் இடத்தை முதலில் அட்டை வெட்டி வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

மாட்டுவது சுலபம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டயருக்குக் கீழே மரக்கட்டை வைத்து, ஒரு பக்கம் கழற்றி மாட்டிய பிறகு மறுபக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால் சக்கரம் கீழே விழுந்து பிரேக் ஹோஸை இழுத்துவிடும். ஆயிலும் வாயுவும் கலந்த ரகம் என்றால் பெட்டியில் படுத்தே வந்திருக்கும், மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்துச் சில முறை அழுத்தி இழுத்துக் காற்றை மேலே அனுப்புங்கள். ரப்பர் புஷ் இருந்தால், போல்ட்டுகளை முதலில் லேசாக முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவரை உட்காரவைத்து, அந்த நிலையில் வைத்து இறுதியாக முடுக்க வேண்டும். தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். எடுத்த பழைய ஷாக்கை ஆர்வத்தில் அறுக்கவோ நெருப்பில் போடவோ வேண்டாம், உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கலாம்.

புது ஸ்பிரிங்கோடு என் வண்டியில் வந்த அளவுகள்: சொந்த எடையில் 11, நான் ஏறினால் 30. இருவரும் சாமானும் ஏறும்போது ரிங்கை இரண்டு படி ஏற்றினால் 46. பள்ளத்துக்கென்று பாதி ஓட்டம் மிச்சமிருக்கிறது. முதலில் தெரிந்த வித்தியாசம் ஓட்டும்போதுகூட இல்லை, சென்டர் ஸ்டாண்டில் ஏற்றும்போதுதான். அமுங்கிய வண்டியைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்த இடத்தில் இப்போது காலால் மிதித்தாலே ஏறிவிடுகிறது.

ரீபவுண்ட் சரிசெய்வதற்குத்தான் நான் மிக அதிகமாக நேரம் எடுத்துக்கொண்டேன், அந்த நேரம் வீணில்லை. கம்பெனி சொன்ன நடு நிலையில் தொடங்கினேன். ரீபவுண்ட் குறைவாக இருந்தால் மேட்டில் ஏறி இறங்கிய பின் பின்பக்கம் ஒன்றுக்கு இரண்டு முறை ஆடும், பின்னால் உட்காருபவரைத் தூக்கிப்போடும். இதை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதிகமாக இருந்தால் வரும் தொல்லைதான் ஏமாற்றும். அடுத்தடுத்து வரும் சிறு குழிகளில் சக்கரம் மேலே போன பிறகு திரும்பி இறங்குவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். ஒவ்வொரு குழிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கம் தாழ்ந்து, கடைசியில் ஓட்டமே இல்லாமல் மரக்கட்டையாகிவிடும். ஓட்டுபவருக்கு அது "ஸ்பிரிங் ரொம்ப ஹார்ட்" என்று தோன்றும். மென்மையான ஸ்பிரிங் தேடிப் போவார். உண்மையில் வேண்டியது ரீபவுண்ட் திருகை இரண்டு கிளிக் தளர்த்துவது. குழிகள் வரிசையாக வரும் ஒரே சாலைத்துண்டில், ஒரே வேகத்தில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து ஓட்டிப் பார்த்து, நோட்டில் எழுதி வைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே கிளிக் எண்ணிக்கையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தேன்.

என் மனைவி பின்னால் உட்கார்ந்து வந்தபோது எதையும் சொல்லாமல் ஓட்டினேன். வேகத்தடை ஒன்றைத் தாண்டியதும், "ஏங்க, இப்ப பிரேக் போட்டாக்கூட உங்க மேல வந்து மோதலையே" என்றாள். அதற்குக் காரணம், பின்பக்கம் இப்போது துள்ளி எழாமல் மெதுவாக எழுகிறது. நான் டேப்பும் நோட்டும் வைத்துத் தேடியதை அவள் இடுப்பு ஒரே தடையில் கண்டுபிடித்துவிட்டது. பின்னால் உட்காருபவர் பின் அச்சுக்குக் கிட்டத்தட்ட நேர் மேலேயே இருக்கிறார். ஷாக்கைப் பற்றி அவர் சொல்வதை ஓட்டுபவர் சொல்வதைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பின்பக்கம் ஒழுங்கானதும் முன்பக்கத்தின் குறை வெளியே வந்தது. பிரேக் பிடித்தால் ஃபோர்க் ஆழமாக மூழ்குகிறது. முன்பும் அப்படித்தான் மூழ்கியிருக்கும், பின்பக்கத்தின் ஆட்டத்தில் அது தெரியவில்லை. பின்பக்கம் உயர்ந்ததால் எடையும் சற்று முன்னே நகர்ந்திருக்கிறது. ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பார்த்தபோது ஒளி முன்பைவிடக் கீழே விழுந்தது, அதைத் திருகி ஏற்றிவிட்டேன். ஷாக் போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி முடுக்கி, அமுக்கத்தையும் இன்னொரு முறை அளந்தேன், புது ஸ்பிரிங் ஓரிரு மி.மீ. படிந்திருந்தது. ஃபோர்க் ஆயிலை மாற்றி, முன் ஸ்பிரிங்கையும் இதே போல அளக்கும் வேலை அடுத்து இருக்கிறது. அந்த அளவுகளை எடுத்ததும் தனியாக எழுதுகிறேன்.